சீனாவின் சியானில் இரண்டு நாள், திங்கள் சிக்கல்
திங்கள் காலை வந்து செவ்வாய் இரவு கிளம்பும் நீங்கள் இருவரும் முதல் நாளே ஷான்சி வரலாற்று அருங்காட்சியகம் போகத் திட்டமிட்டிருக்கிறீர்கள். திங்களன்று அது வழக்கமாக மூடியிருக்கும். அன்று கோட்டை மதிலுக்குப் போங்கள். தெற்கு வாசலருகே இருவர் மிதிக்கும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். முழுச் சுற்று ஏறக்குறைய 14 கிலோமீட்டர். கல் பாவிய தரை குலுக்கும் குலுக்கலில் முதுகுப்பையோடு போனால் இடுப்பு கழன்றுவிடும். பையை விடுதியிலேயே வையுங்கள்.

செவ்வாயன்று சுடுமண் வீரர்கள், அதாவது மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பழங்காலப் படைவீரர் சிலைகள். மெட்ரோ 9ஆம் தடத்தில் ஹுவாச்சிங்ச்சி வரை, பிறகு பேருந்து. ரயில் நிலைய வாசலில் கூவி அழைப்பவர்களின் வண்டி வேண்டாம். டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டியது: இருவருடையதையும் பதிந்து, அசலைக் கையில் வைத்திருங்கள். சிலைகள் இருக்கும் குழிகளில் பிரமாண்டமான 1ஆம் குழியைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்த்தால் மற்றவை சப்பென்றிருக்கும்.

பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் இருவரும் தனித்தனியே கார்டு இணையுங்கள். ஒருவர் போனில் சார்ஜ் தீர்ந்தாலும் சமாளிக்கலாம்.