நீலகிரி அரசுப் பள்ளியில் சேர்த்தால் மகளுக்கு ஓட்டம் கூடுமா?

கேள்வி: மகள் 8ஆம் வகுப்பு படிக்கிறாள், 600 மீட்டர் ஓடுகிறாள். மலையில் காற்று மெல்லியது, அங்கே இருந்தாலே ஓட்டம் கூடும் என்கிறார்கள். நீலகிரியில் உறவினர் வீட்டில் தங்கவைத்து அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கலாமா?

கோத்தகிரி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 10ஆம் வகுப்பு வரை படித்தவன் நான். 800, 1500 மீட்டர் ஓடியிருக்கிறேன். காற்றுக்காக என்றால் அனுப்பாதீர்கள். பள்ளியை நேரில் பார்த்து, அது பிடித்துப்போய் அனுப்பினால் நல்லது.

காற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். 1968இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். அங்கே 10,000 மீட்டரில் கென்யாவின் நஃப்தாலி டெமு தங்கம் வாங்கினார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட நேரம் அன்றைய உலக சாதனையைவிட ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் அதிகம். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நீண்ட ஓட்டம் எல்லோருக்கும் மெதுவாகத்தான் போகும். மலையிலேயே வாழ்ந்தவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிப்பார்கள், அவ்வளவுதான். உயரத்தில் இருந்தால் ரத்தத்தில் சிவப்பணு கூடுவது உண்மை. கீழே இறங்கிச் சில வாரத்தில் அது பழையபடி ஆகிவிடுவதும் உண்மை. கோத்தகிரியோ ஊட்டியைவிடத் தாழ்வான ஊர்.

நானே மாநிலப் போட்டிக்குச் சமவெளிக்கு இறங்கினேன். காலை பதினொரு மணி வெயில். மூன்றாவது சுற்றிலேயே நாக்கு வறண்டு கால் கனத்துவிட்டது. மலைக்காற்று எனக்கு ஒன்றும் செய்யவில்லை, வெயில் பழகாத உடம்புதான் என்னைப் பின்னுக்குத் தள்ளியது.

எங்கள் பிள்ளைகள் ஓடுவதற்குக் காரணம் வேறு. ஹட்டி என்கிற படுகர் ஊர்களிலிருந்தும் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் தினமும் ஏறி இறங்கிப் பள்ளிக்கு வருகிறார்கள். காலையில் இறக்கம், சாயங்காலம் பையோடு ஏற்றம். அந்தக் கால்களை ஒருவர் டிராக்கில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதைத்தான் எங்கள் பள்ளி தலைமுறையாகச் செய்துவந்தது.

மலையில் சமதளம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. குண்டு எறிந்தால் சில நேரம் செடிக்குள் உருண்டுவிடும், 6ஆம் வகுப்புப் பையன்கள் இறங்கித் தேடுவார்கள். 400 மீட்டர் டிராக்குக்கு இடம் இல்லை. 200 மீட்டர்தான். 1500 ஓட ஏழரைச் சுற்று.

விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் மதியமே பழைய மாணவர்கள் வந்துவிடுவார்கள். லாரி ஓட்டுகிறவர், டீ ஃபாக்டரியில் வேலை செய்கிறவர், கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராக வரும் அக்காக்கள் எல்லோரும். டிராக் போடுவது அவர்கள் பொறுப்பு. பி.டி. சார் 10ஆம் வகுப்பில் ஒருவரைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்வார். நேர்ப் பகுதி இரண்டும் 40, 40. மிச்சம் 120 மீட்டர் இரண்டு அரைவட்டமும் சேர்ந்து. அப்படியென்றால் ஆரம் எவ்வளவு? 19.10. 'பை' என்பது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நடுவில் ஆணி அடித்து அளவெடுத்துக்கொண்டு சுற்றுவோம். நார்க் கயிறு பனியில் நனைந்தால் சுருங்கி அளவு மாறிவிடும் என்று சார் கட்டுக்கம்பியைத்தான் பிடிக்கச் சொல்வார். ஓட்டை போட்ட பால் பவுடர் டின்னைத் தட்டித் தட்டிச் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே ஒருவர் பின்னால் வருவார். ஒரு வருடம் ராத்திரி மழையில் மொத்தக் கோடும் கரைந்துவிட்டது. விடியும் முன் டார்ச்சோடு வந்து முதலிலிருந்து போட்டார்கள். ஒருவர்கூட அலுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் அந்த ஷூ பெட்டி. பள்ளியை முடித்துப் போகிறவர்கள் ஓடிய ஷூவைத் துடைத்து, ஸ்டோர் ரூமில் இருக்கும் மரப்பெட்டியில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் 1500 ஓடிய ஷூவின் உள்நாக்கில் எனக்கு முன்னால் அதைப் போட்ட இரண்டு பேருடைய பெயர்களின் முதலெழுத்து பேனாவால் எழுதியிருந்தது. அரை அளவு பெரியது, முனையில் பஞ்சு வைத்து ஓடினேன். என் எழுத்தையும் அதில் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

வருத்தமான பகுதியையும் சொல்ல வேண்டும். சார் மாற்றலாகிப் போன பிறகு இரண்டு வருடம் அந்த இடம் காலியாகவே கிடந்தது. பழைய மாணவர்கள் கோடு போட்டார்கள், பிள்ளைகளை ஓடவும் வைத்தார்கள். ஆனால் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிக்குப் பெயர் அனுப்ப ஆசிரியர் இல்லை. நன்றாக ஓடிய ஒரு பெண் அந்த இரண்டு வருடத்தில் 17 வயதுப் பிரிவைத் தாண்டிவிட்டாள். எங்களால் அவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றும் நினைத்தால் தாங்கவில்லை.

அதனால் சேர்க்கும் முன் முதலில் கேட்க வேண்டியது, உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா என்பது. ஜூலை, ஆகஸ்ட்டில் மழையும் மூடுபனியும் இருக்கும்போது ஒரு காலைப் பயிற்சிக்குப் போய்ப் பாருங்கள். காட்டெருமையும் கரடியும் நடமாடும் பக்கம் என்றால் வெளிச்சம் வந்த பிறகுதான் பயிற்சி இருக்கும், அதையும் விசாரியுங்கள். உயர்நிலைப் பள்ளி 10ஆம் வகுப்போடு முடிந்துவிடும், 11க்கு வேறு பள்ளி பார்க்க வேண்டும். மகள் ஏற்கெனவே மாவட்ட அளவில் ஓடுகிறாள் என்றால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுக்கும் விண்ணப்பித்துப் பாருங்கள். 600 மீட்டர் 14 வயதுப் பிரிவோடு சரி, 17 வயதுப் பிரிவில் 800, 1500 என்று போக வேண்டும். அதற்கு இப்போதிருந்தே தயார் செய்யுங்கள்.

கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கம்தான் என்று முடிவானால் அவசரப்பட்டு ஷூ வாங்கிவிடாதீர்கள். முதலில் பெட்டியில் தேடச் சொல்லுங்கள்.