பாத்தாமில் ஒரு பகல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் பயணத்தைப் பற்றி எழுதியபோது, இடையில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கும் போய்வந்ததாக ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அடுத்த மாதம் நானும் மனைவியும் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறோம். காலையில் படகேறினால் ராத்திரி திரும்பிவிடலாம், ஷாப்பிங், மசாஜ் எல்லாம் மலிவு என்கிறார் மருமகன். மனைவி சைவம். ஒரு பகலுக்காகப் போகலாமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

ஷாப்பிங்குக்காக என்றால் வேண்டாம், கணக்கு இடிக்கும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்தோனேசியாவில் விசா தேவையில்லை, மலிவு என்ற பேச்சு அவர்களிடமிருந்து வருவது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு இறங்கும் இடத்தில் விசா தருவார்கள், ஆளுக்கு 5,00,000 ருப்பியா. பூஜ்யங்களைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆயிரம் ருப்பியா நம் காசில் ஐந்து ரூபாய் சொச்சம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஆனாலும் இரண்டு பேருக்கு விசாவும் படகுக் கட்டணமும் சேர்ந்தால், பாத்தாமின் கடைத்தெருவான நகோயா வட்டாரத்து மால்களில் மிச்சம் பிடிக்க எதுவும் இருக்காது. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். திரும்பும்போது சிங்கப்பூரின் வருகை அட்டையை இணையத்தில் மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும்.

அப்புறம், நேரம். பாத்தாம் சிங்கப்பூரைவிட ஒரு மணிநேரம் பின்னால். சிங்கப்பூரின் ஹார்பர்ஃபிரண்ட் படகுத்துறையிலிருந்து எட்டு மணிக்கு ஏறினால், பாத்தாம் செண்டர் படகுத்துறையில் இறங்கும்போதும் அங்கே எட்டோ எட்டேகாலோதான். காலையில் சும்மா கிடைத்த அந்த ஒரு மணிநேரம் மாலையில் போய்விடும். திரும்பும் படகுச் சீட்டில் இருப்பது பாத்தாம் நேரம். கரையோரத்தில் கைபேசி சிங்கப்பூர் சிக்னலைப் பிடித்துக் கடிகாரத்தை மாற்றிக் காட்டும், அதை நம்பாதீர்கள்.

சரி, எதற்காகத்தான் போவது? தெற்கே போங்கள். படகுத்துறையிலேயே ஒரு வண்டியை நாள் முழுக்கப் பேசிக்கொண்டு, ஓட்டுநரிடம் 'காலாங்' தீவு என்று சொன்னால் போதும். 1990களில் கட்டிய ஆறு பாலங்கள் சின்னச்சின்னத் தீவுகளைக் கோத்துக்கொண்டு போகின்றன. 642 மீட்டர் நீள முதல் பாலத்தில்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ரெம்பாங் தீவைக் கடந்து போங்கள். 2023இல் ஒரு தொழில் நகரத்துக்காக அங்குள்ள மலாய் கிராமங்களைக் காலி செய்யச் சொன்னதும் பெரிய போராட்டம் வெடித்த இடம் அது.

அடுத்தது காலாங். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்களுக்காக, ஐ.நா. அகதிகள் ஆணையமும் இந்தோனேசிய அரசும் 1979 முதல் 1996 வரை இங்கே முகாம் நடத்தின. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இங்கே தங்கி, அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். தேவாலயம், புத்தர் கோயில், கூரை சரிந்த குடியிருப்புகள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள், ஒரு சிறிய அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன. வந்த படகுகளையும் வெளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றின் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நம் ஊர் மீன்பிடி விசைப்படகு அளவுதான், அதில்தான் தென்சீனக் கடலைக் கடந்திருக்கிறார்கள். 1989க்குப் பிறகு விதி மாறியது. வந்தவர் உண்மையில் அகதிதானா என்று விசாரித்து, இல்லை என்று முடிவானால் திருப்பி அனுப்பினார்கள். முகாமில் உண்ணாவிரதமும் தீக்குளிப்பும் நடந்தது அந்த ஆண்டுகளில்தான்.

நமக்கு இது வேற்றுக் கதையும் அல்ல. பக்கத்தில் இருக்கும் பிந்தான் தீவுக்கு அருகே, 2009 அக்டோபரில் 78 ஈழத்தமிழர்கள் ஓஷியானிக் வைக்கிங் என்ற ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பலிலிருந்து இறங்க மறுத்து ஏறத்தாழ ஒரு மாதம் இருந்தார்கள். கடலில் தவித்தவர்களை மீட்டது அந்தக் கப்பல்தான், ஆனால் கொண்டுவந்தது அவர்கள் போக நினைத்த ஆஸ்திரேலியாவுக்கு அல்ல, இந்தோனேசியாவுக்கு. அப்போது காலாங் மூடிப் பதின்மூன்று ஆண்டுகள். பாத்தாம் என்றால் மசாஜும் கடலுணவும் மட்டும்தான் என்று பேசிக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போக ஒன்றரை மணிநேரம், வர ஒன்றரை மணிநேரம். வழியில் குரங்குகள் உண்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். முகாமுக்குள் நடக்க வேண்டியிருக்கும், தண்ணீரும் குடையும் அவசியம்.

உங்கள் மனைவியின் சாப்பாட்டுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பாத்தாம் செண்டர் பக்கமே மகா விகாரை துத்தா மைத்ரேயா என்ற பெரிய பௌத்தக் கோயில். அங்குள்ள உணவகம் சைவம். மற்ற கடைகளில் காய்கறிப் பண்டம் என்று நம்பி வாங்குவதிலும் சம்பால் என்ற மிளகாய்த் துவையலிலும் 'தெராசி' என்ற இறால் விழுது கலந்திருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

வாங்குவதானால் லாப்பிஸ் கேக் வாங்குங்கள். மெல்லிய அடுக்கடுக்காகச் சுட்டது, முட்டை தாராளம், எனவே அது மகள் வீட்டுக்கு. மருமகன் சரக்கு வாங்கிவரச் சொன்னால், 48 மணிநேரமாவது வெளியே இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான் சிங்கப்பூரில் மதுவுக்கு வரிவிலக்கு என்பதை நினைவுபடுத்துங்கள். சிகரெட்டுக்கு ஒன்றுக்குக்கூட விலக்கு இல்லை.