பிறர் சொன்ன இன்டர்வியூ அனுபவங்கள் உங்கள் மகளுக்கு எவ்வளவு உதவும்?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகளின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். முழுவதும் படித்தேன். அந்தப் பெரிய நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போய்வந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் அனுபவங்களைத் தேதி போட்டுத் திரட்டி வைத்திருக்கிறாள். அவளுடைய உழைப்பு தெரிகிறது. ராத்திரி ஏன் தூக்கம் வரவில்லை என்பதும் தெரிகிறது. ஒருவர், 'நண்பரிடம் பேசுவது போல இருந்தது' என்கிறார். அடுத்தவர், 'என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை' என்கிறார். இரண்டு பேரும் போனது ஒரே வேலைக்கு. இதில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் நம்புங்கள். பெரிய நிறுவனங்களில் கேள்வி கேட்க வருபவர்களில் பெரும்பாலோர் அங்கே வேறு வேலை பார்ப்பவர்கள். நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்து உட்காருகிறார்கள். ஆளுக்கு ஆள் சுபாவம் மாறும், அன்றைய களைப்பும் மாறும். ஆனால் அனுபவம் சொன்னவர்கள் எல்லோருமே மேசையின் இந்தப் பக்கம் இருந்தவர்கள். என்ன கேட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எதை வைத்து முடிவெடுத்தார்கள் என்பது தெரிய வழியில்லை. உங்கள் மகளின் பயம் அங்கிருந்துதான் வருகிறது. நான் சில வருடங்கள் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் நோட்டில் திரும்பத் திரும்ப வரும் மூன்று குறைகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலாவது, 'நான் பேசப் பேச அவர் டைப் அடித்துக்கொண்டே இருந்தார்.' இது அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை. பல பெரிய நிறுவனங்களில் இன்டர்வியூ எடுத்தவர் தனியாக முடிவு செய்ய முடியாது. நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். கூகுளில், விண்ணப்பித்தவரை நேரில் பார்க்காத ஒரு குழு அந்தக் குறிப்புகளைப் படித்து எடைபோடும் முறை நெடுநாளாக உண்டு. அதாவது உங்கள் மகள் பேசுவது எதிரில் இருப்பவரிடம் மட்டும் அல்ல, அவர் எழுதும் காகிதத்தைப் படிக்கப்போகிறவர்களிடமும்தான். அவள் மனத்துக்குள் எவ்வளவு நன்றாக யோசித்தாலும், வாய்விட்டுச் சொல்லாதது அந்தக் காகிதத்தில் ஏறாது.

ஒரு பெண் என் கேள்விக்கு இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். எனக்கே பதற்றமாகிவிட்டது. அப்புறம், "முதலில் ஒரு வழி யோசித்தேன், தகவல் அதிகமானால் அது தாங்காது, அதனால் விட்டுவிட்டேன். இப்போது வேறு வழியில் போகிறேன்" என்றாள். இரண்டாவது வழியிலும் அவளால் விடையை முழுதாக முடிக்க முடியவில்லை. ஆனாலும் என் குறிப்பில் நான் முதலில் எழுதியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அது மட்டும் இல்லையென்றால் அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி நல்லதாக எழுத என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

இரண்டாவது குறை, 'நாலு பேரும் ஒரே மாதிரி கேள்வி கேட்டார்கள்.' இது வேண்டுமென்றே செய்வது. அமேசானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் 16 தலைமைக் கோட்பாடுகள் அவர்களுக்கு உண்டு. இன்டர்வியூ எடுப்பவர்கள் அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டு, 'இப்படி நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்' என்று ஒரே பாணியில் கேட்பார்கள். ஆள் தேடும் அணியைச் சேராத ஒருவரும் அதில் இருப்பார், பார் ரெய்சர் என்று பெயர். கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து குறிப்புகளை ஒப்பிடுவார்கள். விண்ணப்பித்த எல்லோரிடமும் ஒரே வகைக் கேள்வியைக் கேட்டு ஒரே அளவுகோலால் அளக்கும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்று 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1998-ல் எழுதினார்கள். அதனால் கேள்வி வறண்டு இருந்தால் அவள் பயப்பட வேண்டாம். நாலு பேரிடமும் ஒரே சம்பவத்தைச் சொல்வதுதான் ஆபத்து. ஒப்பிடும்போது அவர்கள் கையில் ஒரே ஒரு கதைதான் இருக்கும்.

மூன்றாவது, 'எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன், ஆனாலும் எடுக்கவில்லை.' இதைப் படிக்கும்போது எனக்கும் வலிக்கிறது. காரணம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அந்த இடத்தை வேறொருவர் நிரப்பியிருக்கலாம், அந்த வேலையே ரத்தாகியிருக்கலாம். பொருந்தாத ஒருவரை எடுப்பதைவிட, பொருந்தும் ஒருவரை விட்டுவிடுவது பரவாயில்லை என்று நினைக்கும் நிறுவனங்களும் உண்டு. அது அந்தப் பிள்ளையின் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பு இல்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி விண்ணப்பிக்கப் பல இடங்களில் விடுகிறார்கள்.

சரி, நோட்டை என்ன செய்வது? கிழித்துப் போட வேண்டாம். எத்தனை ரவுண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், கோடிங்கைக் காகிதத்திலா திரையிலா எழுதச் சொன்னார்கள், பதில் வர எத்தனை நாள் ஆனது, இவையெல்லாம் உதவும். அதுவும் அவள் போகிற அதே பதவிக்கு, அண்மையில் போனவர்கள் சொன்னது மட்டும். கேள்விகளை மனப்பாடம் செய்வதை நிறுத்தச் சொல்லுங்கள். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற புதிர்கள் ஒரு காலத்தில் கூகுளோடு சேர்த்தே பேசப்பட்டன. அவை எதையும் கணிப்பதில்லை, வெறும் நேர விரயம் என்று அந்த நிறுவனத்தின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் என்பவரே 2013-ல் ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். அதுவரை அந்தப் புதிர்களை உருப்போட்டவர்களை நினைத்துப் பாருங்கள்.

நோட்டில் காலியாக இருக்கும் பக்கங்களில் அவள் தன்னுடைய சம்பவங்களை எழுதட்டும். ஆறு அல்லது ஏழு போதும். தவறு செய்து திருத்திக்கொண்டது, கூட வேலை செய்தவரோடு கருத்து மோதியது, யாரும் சொல்லாமல் தானே பொறுப்பு எடுத்தது, பாதியில் திட்டம் மாறியது, இப்படி. என்ன நிலைமை, தன் பொறுப்பு என்ன, தான் செய்தது என்ன, முடிவு என்ன என்ற வரிசையில் இருந்தால் கேட்பவருக்கு எழுதிக்கொள்ள எளிது. அவள் அனுப்பிய மாதிரிப் பதிலில், 'நாங்கள் ஒரு ஆப் செய்தோம், நன்றாக வந்தது' என்று இருக்கிறது. இதில் அவள் எங்கே இருக்கிறாள்? நான் போனில் துருவிக் கேட்ட பிறகுதான், தேர்வுக்கு முந்தின வாரம் ஆப் அடிக்கடி நின்றுபோனது, மற்றவர்கள் புதிதாக எழுதலாம் என்றபோது இவள் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரே ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள் என்பது வெளியே வந்தது. எவ்வளவு நல்ல சம்பவம் அது! அடக்கம் என்று நினைத்து அதை மறைத்திருக்கிறாள். 'நான்' என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். வீட்டில் உங்கள் முன்னால் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழகினால் அந்தக் கூச்சம் விலகும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்டர்வியூ முடிந்து வந்ததும், 'என்ன கேட்டாங்க, என்ன சொன்ன, கிடைச்சுடுமா' என்று கேட்க வேண்டாம். கடைசியில் சொதப்பிய ஒரு பதில்தான் அப்போது அவள் மனத்தில் பெரிதாக நிற்கும். சாப்பிடட்டும். அன்றிரவே தனியாக உட்கார்ந்து நடந்ததைத் தன் நோட்டில் எழுதட்டும். முப்பது பேர் அனுபவத்தைவிட அந்த ஒரு பக்கம் அடுத்த முறைக்கு அதிகம் பயன்படும்.

இன்னொன்று. தேர்வாகிவிட்டாள், பயிற்சிக்கோ லேப்டாப்புக்கோ முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வேலை தருவதற்கு நல்ல நிறுவனம் எதுவும் காசு கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை அவளை என்னிடம் பேசச் சொல்லுங்கள். ஏழும் தயாராக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பிழையைக் கண்டுபிடித்த கதையை மட்டும் 'நான்' என்று ஆரம்பித்து எழுதிக்கொண்டு வந்தால் போதும்.