‘டைடி அப்’: கேட்டவர்களும் ஆங்கில டீச்சரும்

கேள்வி: டீச்சர், ‘டைடி அப்’ என்றால் சுத்தம் செய்வதுதானே? அப்புறம் ‘கிளீன் அப்’ எதற்கு?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. மேசைமேல் நேற்றைய பேப்பர், சீப்பு, மூக்குக் கண்ணாடி, பாதி குடித்த காபி டம்ளர். சீப்பு அலமாரிக்கு, கண்ணாடி கூட்டுக்குள், டம்ளர் அடுக்களைக்கு என்று அததை அததன் இடத்தில் வைத்தால் ‘டைடி அப்’ முடிந்தது. டம்ளர் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை இருக்குமே, அதை ஈரத்துணியால் தேய்த்து எடுப்பதுதான் ‘கிளீன் அப்’. தூசி படிந்த அறைகூட டைடியாக இருக்கலாம். எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியே சாட்சி.

‘டைடி’ பிறந்த கதையும் சுவையானது. ‘டைட்’ என்றால் இன்று கடலின் ஏற்றவற்றம். பழைய ஆங்கிலத்தில் காலம். அதனால் ‘டைடி’க்கு முதலில் ‘காலத்தில் வந்தது’ என்றுதான் பொருள். பிறகு ‘நல்லது’, அதற்கும் பிறகே ‘ஒழுங்கானது’. ‘எ டைடி சம்’ என்றால் கணிசமான தொகை. அடுக்கி வைத்த பணம் அல்ல.

கேள்வி: ‘அப்’ என்றால் மேலே. பொருள்களைப் பரணில் போடுவதா?

பதில்: ‘அப்’பைப் பார்த்ததும் ‘மேலே’ என்று மொழிபெயர்க்காதீர்கள்! தமிழில் ‘சாப்பிடு’ வேறு, ‘சாப்பிட்டுவிடு’ வேறு இல்லையா? அந்த ‘விடு’ செய்கிற வேலையைத்தான் பெரும்பாலும் இந்த ‘அப்’ செய்கிறது. ‘டைடி தி ரூம்’ என்றாலும் சரிதான். ‘அப்’ சேர்ந்தால் வேலையை முடி என்ற தொனி வருகிறது.

கேள்வி: ‘டைடி அப் இட்’ சரியா?

பதில்: தவறு. ‘டைடி இட் அப்’. ‘ரூம்’ போன்ற பெயர்ச்சொல் ‘அப்’புக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். ‘இட்’, ‘தெம்’ போன்றவை நடுவில் மட்டுமே.

கேள்வி: என் மகள் ‘ஐ டைடீட் அப் தெம்’ என்று எழுதினாள். மார்க் குறைத்துவிட்டார்கள்.

பதில்: குறைத்தது சரி. முந்தைய பதிலைப் பாருங்கள்.

கேள்வி: இதற்குச் சரியான தமிழ்ச் சொல்?

பதில்: ‘ஒதுங்க வைப்பது’. ‘ஒழுங்குபடுத்து’ என்பது சுற்றறிக்கைச் சொல். பிள்ளையிடம் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

கேள்வி: ஏற்க முடியாது. எங்கள் வீட்டில் ‘ஏறக்கட்டு’ என்போம்.

பதில்: ஏறக்கட்டுவது கடையை மூடுகிறவர் செய்வது. ஆங்கிலத்தில் ‘பேக் அப்’. ஆனால் ‘ஏற’ என்பதே ‘மேலே’தானே! நமக்கும் ஒரு ‘அப்’ இருக்கிறது. இதை நான் யோசித்ததில்லை.

கேள்வி: அப்படியானால் நீங்கள் முன்பு சொன்னது தப்பு. ‘அப்’ மேலேதான்.

பதில்: பிறப்பு மேலேதான், பொருள் தேய்ந்துவிட்டது. ஏறக்கட்டிய கடையை எந்தப் பரணில் தேடுவீர்கள்?

கேள்வி: ‘எடுத்து வை’ என்று சொன்னால் போதாதா?

பதில்: அது ‘புட் அவே’. அதிலும் கவனம் தேவை. நம் ‘உள்ளே தள்ளு’ மாதிரி, பத்து இட்லியையும் ‘புட் அவே’ செய்யலாம், திருடனையும் செய்யலாம்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிடும்போது ‘வாஷ் அப்’ என்றார்கள். நான் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன்.

பதில்: நீங்கள் பிரிட்டிஷ் ஆங்கிலம் படித்தவர்! அங்கே அது பாத்திரம் கழுவுவது. அமெரிக்காவில் கை, முகம் கழுவிக்கொள்வது. அங்கே பிள்ளைகளிடம் ‘பிக் அப் யுவர் ரூம்’ என்றும் சொல்வார்கள். அறையைத் தூக்கச் சொல்லவில்லை.

கேள்வி: முப்பது நாளில் ஆங்கிலம் பேச வழி?

பதில்: தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: ‘டைடி அப் தெம்’ என்று பேச்சிலாவது...

பதில்: கூடாது.

கேள்வி: தலை கலைந்து நிற்கிற பையனைச் சரிசெய்துகொள்ளச் சொல்ல இது வருமா?

பதில்: தாராளமாக. ‘டைடி யுவர்செல்ஃப் அப்’. ‘யுவர்செல்ஃப்’ எங்கே நிற்கிறது, பார்த்தீர்களா?