வாகனம்: கேள்வி-பதில்

கேள்வி: மகளிடம் கனடா போகிறோம், திரும்பிவர எட்டு மாதமாகும். எங்களுடையது ஓட்டோ கியர் பெற்றோல் கார், கொட்டிலுக்குள் நிற்கும். பக்கத்து வீட்டுத் தம்பி ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி விடுவதாகச் சொல்கிறார். போதுமா?
– வாசகி, விசுவமடு

பதில்: வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. பெற்றோல் எரிந்து வரும் நீராவி ஒயிலுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் தண்ணீராய்த் தங்கும். சைலன்சர் உள்ளிருந்தே உக்கும். ஸ்ராட் பண்ணச் செலவான சார்ஜும் பற்றரிக்குச் சரியாகத் திரும்பாது. தம்பியிடம் லைசென்ஸ் இருந்தால் இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஏ-35 வீதியில் அரை மணித்தியாலம் ஓடட்டும். இல்லாவிட்டால் எஞ்சினைத் தொடாமல் விடட்டும்.

போகுமுன் ஒயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். பழைய ஒயிலிலுள்ள அமிலம் பெயரிங்குகளை அரிக்கும். ரேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீர் என்றால் கழுவிவிட்டுக் கூலன்ற் விடுங்கள். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைக் காவிதான் அங்கும் படிகிறது. பெற்றோல் ராங்கை நிரப்புங்கள், மாரியில் உள்ளே ஈரம் வியர்க்காது.

ரயருக்கு வழக்கமாக 32 பி.எஸ்.ஐ. என்றால் 40 வரை அடிக்கலாம், ரயரின் பக்கத்தில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டக்கூடாது. மண் தரையானால் தடித்த பொலித்தீன் விரித்து, சக்கரங்களுக்குக் கீழ் பலகை வையுங்கள். ஹான்ட்பிறேக் இழுக்காதீர்கள், ஈரத்தில் ஷூ ட்றம்மோடு ஒட்டிவிடும். கியரை 'பி'யில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தால் போதும்.

கார் ஓடாமலே நிற்கப்போகிறதென்றால், பற்றரியை முழுதாகச் சார்ஜ் பண்ணி, நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். அப்போது தம்பிக்கு உண்மையான வேலை இதுதான்: மாதம் ஒருதரம் மீற்றர் பிடித்துப் பார்த்து, 12.4 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜரில் போடுவது. இறங்கியபடியே கிடந்தால் ஈயத்தகட்டில் சல்பேற் இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது.

எங்கள் பக்கத்தில் பெரிய செலவு வைப்பது எலி. நிறுத்துமுன் ஏசியை உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றிவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். வெளிக்காற்று வரும் வாய் அடைபடும். சைலன்சர் வாய்க்கும் எயார் ஃபில்டர்க் குழாய்க்கும் சின்னக் கண் கம்பிவலை கட்டி, "வலையைக் கழற்று" என்று எழுதி ஸ்ரியறிங்கில் ஒட்டுங்கள். பூச்சி உருண்டையைக் காருக்குள் போட்டால் மணம் சீற்றை விட்டுப் போகாது, வெளியே வையுங்கள். தறப்பாளால் இறுக்கி மூடவும் வேண்டாம், ஈரம் அடைபட்டுப் பெயின்ற் பொங்கும். காற்றுப்போகும் துணி உறையே நல்லது.

கேள்வி: பழைய அக்குவா ஹைபிரிட். பற்றரி வயரைக் கழற்றி ஆறு மாதம் விடலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: நீங்கள் கழற்றுவது பின்சீற்றுக்குக் கீழுள்ள 12 வோல்ற் பற்றரியை. மின்மோட்டரை ஓட்டும் பெரிய ஹைபிரிட் பற்றரி வேறு, அந்த வயரைக் கழற்றினாலும் அது எங்கள் வெயிலில் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். உங்கள் வாகனத்தில் எஞ்சினைச் சுழற்றுவதே அந்தப் பெரிய பற்றரிதான். அது முழுதாக இறங்கினால் வீட்டுச் சார்ஜரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே மேலே சொன்னபடி எஞ்சினைத் தொடாமல் விடுவது உங்களுக்குப் பொருந்தாது. இரண்டு மாதத்துக்கு ஒருதரமாவது வயரைப் பூட்டி, 'ரெடி' வெளிச்சம் வரவைத்து அரை மணித்தியாலம் விடவேண்டும், ஓடினால் இன்னும் நல்லது. ராங்கில் பெற்றோல் இருக்கட்டும்.