தமிழ்த் திரைப்பாடல்களின் தரம் குறைந்துவிட்டதா?

முந்தைய தலைமுறையின் திரைப்பாடல்களோடு ஒப்பிட்டால் இன்றைய பாடல்கள் தரம் தாழ்ந்தவையா என்று கேட்டால், ‘ஆம்’ என்று உடனே சொல்லத் தோன்றுவதற்கு முதற்காரணம், பழையவற்றில் நல்லவை மட்டுமே நம் காதுக்கு வந்து சேர்ந்திருப்பதுதான். 1960களின் படங்களில் மறக்கப்பட்ட பாடல்கள் ஏராளம். இலங்கை வானொலியும் விவித பாரதியும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியவையே பெரும்பாலும் எஞ்சின. இன்றைய பாடல்களோ இன்னும் சலிக்கப்படாதவை.

ஆயினும், அனைத்தையும் நினைவின் மயக்கம் என்று தள்ளிவிட முடியாது. அக்காலத்தில் பாடகரும் இசைக்குழுவினரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைக்க வேண்டியிருந்தது. ஒருவர் பிசகினாலும் மீண்டும் தொடக்கத்திலிருந்து பதிவு செய்ய நேர்ந்ததால், ஒத்திகையும் தேர்ச்சியும் தவிர்க்க முடியாதவையாக இருந்தன. இன்று ஒவ்வொரு இசைக்கருவியும் தனித்தனியே பதிவாகிறது. சுருதி விலகலை மென்பொருள் திருத்திவிடுகிறது. ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் 30 நொடிகள் ஒலித்த பிறகே ஒரு பாடல் கேட்கப்பட்டதாகக் கணக்கில் சேரும் என்பதால், நீண்ட முன்னிசைக்குத் துணிவோரும் குறைந்துவிட்டனர்.

என் மதிப்பீட்டில், மெட்டமைப்பிலும் வரிகளிலும் சராசரி இறங்கியிருக்கிறது. ஆனால் 1992இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘ரோஜா’ படம் வெளிவந்ததற்குப் பிறகு ஒலித் துல்லியத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் மறுக்க முடியாதது. பெரிய இழப்பாக நான் கருதுவது, பல பாடல்களில் இரண்டாம் சரணம் காணாமற்போனதைத்தான்: அதற்கு முன்னால்தான் இளையராஜா, முதல் இடையிசையிலிருந்து முற்றிலும் வேறுபட்ட இன்னோர் இடையிசையை அமைப்பார்.