ஜொகானஸ்பர்கில் உள்ளூர்க்காரரின் காரை வாடகைக்கு எடுக்கலாமா? கேள்வி பதில்

ஜொகானஸ்பர்குக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதில் பத்து ஆண்டுகள், அடிபட்ட கார்களைப் பார்த்துக் காப்பீட்டுக்காக நட்டம் கணக்கிடும் வேலை. என் பழைய போலோ காரை மூன்று ஆண்டுகள் ஒரு செயலி வழியாக வாடகைக்கும் விட்டிருக்கிறேன். சாவி கொடுக்கிறவன் எதை மறைப்பான், வாங்குகிறவன் எதைக் கேட்க மறப்பான் என்று இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று. ஊருக்கு வரப்போகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

மதுரையிலிருந்து ஒருவர்: அண்ணா, பத்து நாள் பயணம். அலுவலக வேலை சாண்ட்டனில், உறவினர் வீட்டுக் கல்யாணம் லெனேசியாவில். கார் இல்லாமல் முடியாதா?

சாண்ட்டன் மட்டும் என்றால் முடியும். விமான நிலையத்திலிருந்து கௌட்ரெயின் ஏறினால் நேராக அங்கே இறங்கலாம். 2010இல் ஓடத் தொடங்கிய ரயில், பிரிட்டோரியா வரை போகும். லெனேசியா பக்கம் போகாது. அது தற்செயல் இல்லை. இனத்துக்கு ஒரு வசிப்பிடம் என்று பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டம் இந்தியர்களை நகரத்துக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் லெனேசியாவில் குடியேற்றியது. சட்டம் போய்விட்டது, தூரம் அப்படியே இருக்கிறது. உள்ளூர் மக்கள் மினிபஸ் டாக்ஸியில் போகிறார்கள். எந்தப் பக்கம் போகும் வண்டி வேண்டும் என்பதை விரலால் சைகை காட்டி நிறுத்த வேண்டும், அதற்கு ஒரு தனி அகராதியே உண்டு. பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாகப் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது. கல்யாண நாட்களுக்கு மட்டும் கார் எடுங்கள்.

திருச்சியிலிருந்து: விமான நிலையத்தில் பெரிய நிறுவனங்கள் இருக்கும்போது தனியாரிடம் ஏன் போக வேண்டும்?

மூன்று நாள் பயணம் என்றால் தனியாரிடம் போக வேண்டாம். அப்படிப்பட்ட பயணத்துக்கு நானே நிறுவனத்தின் கவுன்ட்டரில்தான் எடுப்பேன். வழியில் வண்டி நின்றால் அவர்களிடம் மாற்றுக் கார் இருக்கும், தனியாரிடம் இருப்பதே அந்த ஒரு கார்தான். ஒரு வாரத்தைத் தாண்டினால் கணக்கு மாறும். நாள் வாடகை குறையும், வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடுவார்கள், ஏழு பேர் உட்காரும் வண்டியும் கிடைக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து: அண்ணா, மிட்ராண்டில் ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசினார். பாதி விலைக்குத் தருகிறாராம். "முழுக் காப்பீடு உண்டு, கவலைப்படாதே" என்கிறார். நம்பலாமா?

சோழியன் குடுமி சும்மா ஆடாது, தம்பி. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. காருக்கு முழுக் காப்பீடு இருக்கலாம். அது அவர் ஓட்டும்போது இருக்கிற காப்பீடு. சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியில், கூலிக்கு விட்டால் செல்லாது என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். நீங்கள் இடித்த அடுத்த நிமிடம் அந்தத் தாள் வெறும் தாள்.

நம் ஊர் வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு கட்டாயமே கிடையாது, சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காப்பீடு இல்லை. பெட்ரோல் விலையோடு சேர்த்து வசூலிக்கும் வரியில் சாலை விபத்து நிதி என்று ஒன்று நடக்கிறது. உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான் அதில் இழப்பீடு. நசுங்கிய பம்பருக்கு ஒரு ராண்ட் வராது. எதிரே வந்தது ஒரு மெர்சிடிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் செலவுக்கு உங்களைத்தான் தேடி வருவார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. என் போலோவை ஒரு குடும்பம் எடுத்தது. செயலியில் பதிவு செய்தவர் கணவர். மூன்றாம் நாள் பேரங்காடி வாகன நிறுத்தத்தில் தூணில் இடித்தபோது ஓட்டியவர் மைத்துனர். அவர் பெயர் எங்கும் இல்லை. செயலிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்தக் கணவர் நல்ல மனிதர், பாதிப் பணம் கொடுத்தார். மீதி என் தலையில் விழுந்தது. கணக்குப் போடுவதே தொழிலாக இருந்த எனக்கே இது நடந்தது என்பதுதான் எரிச்சல்.

ஆகவே வாடகையைப் பேசுவதற்கு முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள். வாடகைக்கு விடும் நாட்களுக்கு யாருடைய காப்பீடு, அதில் ஓட்டப்போகும் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறதா, எக்ஸஸ் எவ்வளவு. எக்ஸஸ் என்பது இழப்பீடு கேட்கும்போது முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. வாடகை மலிவாக இருக்கும் இடத்தில் பெரும்பாலும் இது கொழுத்திருக்கும். "தமிழர்தானே" என்று கேட்காமல் விடாதீர்கள். நானும் தமிழன்தான், என்னிடமும் கேளுங்கள்.

கொழும்பிலிருந்து: இலங்கை ஓட்டுநர் உரிமம் இங்கே செல்லுமா?

செல்லும். படமும் கையெழுத்தும் இருக்க வேண்டும், தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழி ஒன்றில் இருக்க வேண்டும். உங்கள் அட்டையில் ஆங்கிலம் உண்டு, இந்திய அட்டையிலும் உண்டு. சர்வதேச அனுமதியும் கையில் இருந்தால் வழியில் நிறுத்தும் போலீஸாரிடம் பேச்சுக் குறையும். இந்நாட்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் ஆட்சிமொழிகள் பன்னிரண்டில் தமிழ் இல்லை. தமிழில் மட்டும் எழுதிய தாளை நீட்டிப் பயனில்லை.

சென்னையிலிருந்து ஓர் அம்மா: மகன்தான் ஓட்டப்போகிறான். செய்திகளைப் படித்தால் வயிறு கலங்குகிறது. கொஞ்சம் உண்மையைச் சொல்லுங்கள், ஐயா.

பயப்படுவதில் தவறில்லை, அம்மா. ஆனால் வரப்போகிற ஆபத்து பெரும்பாலும் பழக்கப்பட்ட வழிகளில்தான் வரும். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை உடைத்துக் கைப்பையைப் பறிப்பார்கள், ஆகவே பையும் போனும் இருக்கையில் இருக்கக் கூடாது. வாகன நிறுத்தத்தில் ரிமோட் அலையைத் தடுத்துக் கதவு பூட்டாதபடி செய்வார்கள், ஆகவே பொத்தானை அழுத்திய பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார் கடத்துகிறவர்களுக்குப் பிடித்த இடம் வீட்டு வாசல். கேட் திறப்பதற்குள் பின்னால் ஒரு வண்டி ஒட்டி நின்றால் உள்ளே திருப்பாமல் நேராகப் போய்விட வேண்டும். துப்பாக்கியை நீட்டினால் சாவியைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், கார் இன்னொருவருடையது.

ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும் கம்பீரமாக இருக்கும், திருடர்களுக்கும் அவை மிகவும் பிடிக்கும். பகட்டில்லாத சின்னக் கார் போதும். டிராக்கர் பொருத்தியிருக்கிறதா என்று கேட்கட்டும். பொருத்தியிருந்தால் மகன் எங்கே, எத்தனை வேகத்தில் போகிறான் என்பது உரிமையாளருக்கும் தெரியும். உங்களுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

சேலத்திலிருந்து: "ரோபோவில் இடப்பக்கம் திரும்பு" என்று உரிமையாளர் வழி சொன்னார். ஒன்றும் புரியவில்லை.

இங்கே போக்குவரத்து சிக்னலுக்குப் பெயர் ரோபோ. மின்சாரம் போய் அது அணைந்திருந்தால் நால்வழி நிறுத்தம். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இந்த நகரத்தில் எல்லோரும் மதிக்கும் ஒரே விதி இதுதான் என்று தோன்றும்.

சிங்கப்பூரிலிருந்து: நாள் வாடகைக்கு மேல் "இ-டோல்" என்று தனியாக ஒரு தொகை கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். இந்த மாகாணத்து நெடுஞ்சாலைகளில் அந்த மின்னணுச் சுங்க வசூல் 2024 ஏப்ரலில் நின்றுவிட்டது. இரும்பு வளைவுகள் மட்டும் நிற்கின்றன. மறந்து கேட்கிறாரா, தெரிந்தே கேட்கிறாரா என்பதிலிருந்து ஆளை எடைபோடலாம். வேகக் கேமரா அபராதம் வேறு விஷயம். நகரத்துக்குள் 60, நெடுஞ்சாலையில் 120. மீறினால் சீட்டு சில வாரம் கழித்து உரிமையாளர் பெயருக்கு வரும், அவர் உங்களைக் காட்டுவார். முன்பணம் எப்போது திரும்பும் என்று இதனால்தான் தேதியோடு எழுதி வாங்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து: அதே காரில் டர்பன் போய்க் கோயில்களைப் பார்க்க ஆசை. போகலாமா?

உரிமையாளர் சம்மதித்தால் போகலாம். முதலில் கிலோமீட்டர் வரம்பைப் பாருங்கள். நாளுக்கு 200 என்று போட்டிருப்பார், டர்பன் ஒருவழியே 570 கிலோமீட்டர் அளவில் வரும். என்3 சாலை நல்ல சாலை, சுங்கச்சாவடிகளில் பணம் கட்ட வேண்டும், லாரிகள் ஓயாமல் ஓடும். வழியில் வரும் வான் ரீனன் கணவாயில் மூடுபனி சகஜம். 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டி வண்டிகள் இரவெல்லாம் மாட்டிக்கொண்டன. இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் விமானத்தில் போய் டர்பனில் இன்னொரு கார் எடுப்பேன். அங்கும் கார் வேண்டியிருக்கும். விமான நிலையம் ஊருக்கு வடக்கே, நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் மறுபக்கம். பக்கத்து நாடான லெசோத்தோவின் எல்லையைத் தாண்டும் எண்ணம் இருந்தால் உரிமையாளரின் அனுமதிக் கடிதமும் பதிவுத்தாளின் நகலும் வேண்டும். முதல் நாளே கேளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: கார் கைக்கு வரும்போது என்ன பார்க்க வேண்டும்?

முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்டச் சீட்டைப் பாருங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உரிமச் சீட்டு அது, தேதி கடந்திருக்கக் கூடாது. சாவி கொடுப்பவரும் பதிவுத்தாளில் உள்ளவரும் ஒருவர்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். பிறகு அவர் எதிரிலேயே வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். சக்கரங்களின் விளிம்பு, கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, ஸ்டெப்னி, எரிபொருள் முள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். என் போலோவை வாடகைக்கு எடுத்தவர்களில் வீடியோ எடுத்தவர்களோடு எனக்கு ஒரு தகராறும் வந்ததில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் குழந்தை இருக்கை சட்டப்படி தேவை, அதையும் அப்போதே மாட்டிப் பாருங்கள்.

மறுபடியும் கோயம்புத்தூர்த் தம்பி: சாலைக் குழியில் விழுந்து டயர் வெடித்தால் யார் பொறுப்பு?

நீங்கள்தான். ஒரு டயரின் விலை எக்ஸஸைத் தாண்டாது. இங்கே மழைக்காலம் அக்டோபர் வாக்கில் தொடங்கும். அந்த மாதங்களில் சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தால் அடியில் குழி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். அந்த வாட்ஸ்அப் மனிதரிடம் காப்பீட்டுத் தாளைக் கேட்டீர்களா, இல்லையா?